பெட்டியில் இடமிருக்கிறது, வாங்கலாமா?

கேள்வி-பதில்

திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களும், இனிமேல்தான் பெட்டி கட்டப் போகிறவர்களுமாகப் புதுக்கோட்டை மாவட்டத்து வாசகர்கள் இந்த முறை எழுதிக் குவித்துவிட்டார்கள். முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே சங்கதி: வெளிநாட்டில் ஒரு பொருள் கண்ணைப் பறிக்கிறது, விலை நெஞ்சைப் பிடிக்கிறது, வாங்குவதா வேண்டாமா? ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

ஆலங்குடி வாசகர்: மகனைப் பார்க்கக் கோலாலம்பூர் போயிருந்தோம். ஒரு கடையில் வெள்ளிபோல மின்னும் பியூட்டர் குவளை ஒன்றைப் பார்த்தேன். நம் காசுக்குப் பன்னிரண்டாயிரம் சொன்னார்கள். "வாங்கிக்கங்கப்பா" என்றான் மகன். "எதுக்குடா தண்டம்" என்று வந்துவிட்டேன். மூன்று மாதமாகிறது, குவளை கனவில் வருகிறது. நான் செய்தது சரியா?

மூன்று மாதம் கழித்தும் கண்ணுக்குள் நிற்கிறது என்றால் அது வாங்கியிருக்க வேண்டிய பொருள். கடையை விட்டு இறங்கித் தெருமுனை திரும்புவதற்குள் மறந்துபோகிறதே, அதைத்தான் வாங்கக் கூடாது. உங்கள் குவளை பரீட்சையில் தேறிவிட்டது. நீங்கள்தான் ரிசல்ட் பார்க்காமல் விமானம் ஏறிவிட்டீர்கள்.

பியூட்டர் என்றதும் ஏதோ அந்நிய உலோகம் என்று ஒதுங்கியிருப்பீர்கள். அது நமக்கு மிகவும் வேண்டப்பட்டது. மலேசியாவில் செய்கிற நல்ல பியூட்டரில் சுமார் 97 சதவீதம் வெள்ளீயம். மிச்சம் கொஞ்சம் செம்பும் ஆன்டிமனியும். நம் வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் அதே வெள்ளீயம்தான். "காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றிவிடாதே" என்று மாமியார் மருமகளுக்கு முதல் நாளே சொல்லிவைப்பாரே, 232 டிகிரி செல்சியஸிலேயே அது உருகிவிடும் என்பதுதான் காரணம். மலாயாவின் ஈயச் சுரங்கங்களை நம்பிச் சீனாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிய காலத்தில், அப்படி வந்த யோங் கூன் என்ற கைவினைஞர் 1885 இல் கோலாலம்பூரில் தொடங்கிய தொழில்தான் இன்று ராயல் சிலாங்கூர் என்ற பெயரில் நடக்கிறது. அந்த நாட்டு மண்ணை வளர்த்த உலோகம், அந்த ஊரில் தலைமுறையாகப் பழகிய கை. கோலாலம்பூர் போய்வந்ததற்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது கஷ்டம்.

மகன் அங்கேதானே இருக்கிறார்? அடுத்த முறை வரும்போது வாங்கிவரச் சொல்லுங்கள். வந்ததும் தினமும் அதில் தண்ணீர் குடியுங்கள். கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதாக இருந்தால் மகனிடம் சொல்லவே வேண்டாம்.

விராலிமலை வாசகர்: விலை உயர்ந்த பொருள் ஒன்றுதான் என்னால் வாங்க முடியும். அம்மாவுக்கா, மனைவிக்கா?

ஒன்று வாங்கும் காசில் இரண்டு கிடைக்கிற கடையைத் தேடி நடங்கள். ஒரு நாள் முழுக்க நடந்தாலும் பரவாயில்லை. ஊருக்கு வந்த பிறகு நடக்கப்போவதை நினைத்தால் அந்த நடை ஒன்றுமே இல்லை.

திருமயம் வாசகி: கடைக்காரர் பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் என் மூளை வேலை செய்வதில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

மூளையைக் கடைக்கு வெளியே அழைத்துப் போங்கள், தானாக வேலை செய்யும். எதிரில் எங்காவது ஒரு டீ குடியுங்கள். குடிக்கும்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். இந்தப் பொருள் எந்த அறையில், எந்த இடத்தில் இருக்கும்? யார் கையில் எடுப்பார்கள்? இடமும் ஆளும் சட்டென்று தெரிந்தால் திரும்பிப் போய் வாங்குங்கள். "ஹாலில் எங்கேயாவது வைக்கலாம்" என்று தோன்றினால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். "ஹாலில் எங்கேயாவது" என்றொரு இடம் எந்த வீட்டிலும் கிடையாது.

இன்னொன்று. "இதைச் செய்தது யார், எந்த ஊரில்?" என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கையால் செய்த பொருளை விற்கிறவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். ஊர், பட்டறை, எத்தனை நாள் வேலை என்று கதையாகச் சொல்வார். பதில் வராவிட்டால் அது எங்கோ ஆலையில் அச்சடித்து உலகத்து விமான நிலையங்களுக்கெல்லாம் போகிற சரக்கு. சாவிக்கொத்து விலைக்குச் சரி, சம்பளப் பணத்துக்குச் சரியில்லை.

வாங்குவது என்று முடிவானால் காசு விஷயத்தில் கெட்டியாக இருங்கள். அட்டையைத் தேய்க்கும்போது இயந்திரம் "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்கும். ரூபாய் என்றதும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல மகிழ்ந்துவிடாதீர்கள். ரூபாயில் மாற்றித் தருகிற வேலைக்கு அவர்கள் வைக்கிற விலை பெரும்பாலும் உங்கள் வங்கியின் விலையைவிட அதிகம். உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். சிங்கப்பூரில் 2024 முதல் சரக்கு சேவை வரி 9 சதவீதம். அதைத் திருப்பித் தருகிற திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கும் சுற்றுலாப் பயணி, விமான நிலையத்தில் அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். துபாயில் வரி 5 சதவீதம், குறைந்தது 250 திர்ஹாமுக்கு வாங்கியிருக்க வேண்டும். திரும்பக் கிடைப்பதில் ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள். பொருளைக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள் என்பதால் பெட்டியை விமானத்துக்கு ஒப்படைக்கும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இராயவரம் வாசகர்: எங்கள் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த அரக்குப் பூச்சு மரவைகள் நாலைந்து வீட்டில் இருக்கின்றன. அந்தக் காலத்திலேயே நல்ல விலையாம். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து மொத்தமாகக் கேட்கிறார். மகள் சிட்னிக்கு அனுப்பச் சொல்கிறாள். என்ன செய்யட்டும்?

வியாபாரியை மோர் கொடுத்து அனுப்பிவையுங்கள். பிறகு அந்த மரவைகளில் ஒன்றை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பாருங்கள்.

அதற்குள் இருப்பது மூங்கில். ஈர்க்குச்சி கனத்துக்குச் சீவிய மூங்கிலை வளைத்தோ பின்னியோ உருவம் கொடுப்பார்கள். மிக உசத்தியான வேலையில் குதிரை வால் மயிரையும் சேர்த்துப் பின்னுவார்கள். அதன்மேல் தித்சி என்கிற மரப்பாலைக் கையால் தடவி, நிலவறையில் நாள்கணக்கில் உலரவிட்டு, தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி உலரவிட்டு, இப்படிப் பூச்சுமேல் பூச்சு. பிறகு எழுத்தாணி போன்ற கருவியால் சித்திரம் கீறி, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒவ்வொரு நிறமாக ஏற்றுவார்கள். நல்ல மரவை ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். பகான் நகரம்தான் இந்தத் தொழிலுக்குத் தலைநகர். மயிர் சேர்த்துப் பின்னிய கிண்ணத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் அழுத்தினால் ஒன்றோடொன்று தொட்டுவிட்டு, விட்டதும் பழையபடி நிமிரும். உங்கள் வீட்டுக் கிண்ணத்தை அப்படி அழுத்திப் பார்த்துவிடாதீர்கள், அதற்கு வயதாகிவிட்டது.

உங்கள் ஐயா காலத்துப் பெரியவர்கள் பொருள் வாங்கிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். இராயவரம், அரிமளம், கடியாபட்டி, குழிபிறை, பனையப்பட்டி என்று எந்த ஊரில் நுழைந்தாலும் தெரிகிறது. முகப்புத் தூண் பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலிப் பளிங்கு. சுவரில் ஆள் உயர பெல்ஜியம் கண்ணாடி. சமையல்கட்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த எனாமல் பாத்திரங்கள். எல்லாமே விலை உயர்ந்தவை, எல்லாமே வெகு தூரத்திலிருந்து வந்தவை. ஆனால் ஒன்றுகூட "போய்வந்தேன் பார்" என்று சும்மா நிற்கவில்லை. தூண் கூரையைத் தாங்கியது, எனாமல் அடுக்கில் பலகாரம் போனது, கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போது மரவை முன்வரிசையில் இருந்தது. தூரதேசத்துப் பொருளுக்கு வீட்டில் ஒரு வேலை கொடுத்தார்கள். அதனால்தான் மூன்று தலைமுறை தாண்டி அவை நிற்கின்றன.

இன்னொரு காரணத்துக்காகவும் மரவையை விற்க வேண்டாம் என்கிறேன். பர்மாவின் ஐராவதி வடிநிலத்து நெல் வயல்களில் உங்கள் ஐயா காலத்து நகரத்தார் கடனாகப் போட்ட முதல் கொஞ்சநஞ்சமல்ல. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போனதால், கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942 இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் கால்நடையாகவே அசாம் பக்கம் தப்பி வந்தார்கள். போருக்குப் பிறகு பர்மா சுதந்திரம் அடைந்து, நிலத்தையெல்லாம் அரசுடைமை ஆக்கியது. பத்திரம், அடமானம், கிட்டங்கிக் கணக்கு எல்லாம் வெறும் காகிதமாயின. முன்கூட்டியே ஊருக்கு வந்துவிட்ட சாமான்தான் தப்பியது. உங்கள் வீட்டு மரவை அந்த வாழ்க்கையில் மிஞ்சிய சாட்சி. காரைக்குடிப் பழம்பொருள் கடைவீதியில் அதை ஒரு வெளிநாட்டுப் பயணி வாங்கிப்போய், "இந்தியாவில் வாங்கிய இந்தியப் பெட்டி" என்று தன் வீட்டில் வைத்துக்கொள்வார். ஐயாவின் பெயரும் பகானின் பெயரும் ஒன்றாகப் போய்விடும்.

மகள் கேட்பது நியாயமான ஆசை. ஆனால் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. வயது அதற்குக் கீழே என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்பலாம். அதற்குள் ஒரு சீட்டில் ஐயா பெயர், அவர் இருந்த ஊர், வந்த காலம் எல்லாம் எழுதி மரவைக்குள் போட்டுவையுங்கள். உங்களுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

புதுக்கோட்டை கல்லூரி மாணவர்: வெளிநாட்டுப் பொருளுக்கு இப்படி ஆலாய்ப் பறப்பது இந்தக் காலத்து வியாதிதானே?

இரண்டாயிரம் வருடத்து வியாதி, தம்பி. மருந்தும் உங்கள் மாவட்டத்திலேயே கிடைத்திருக்கிறது. 1898 இல் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் வெளிப்பட்டது: 501 ரோமானியப் பொற்காசுகள், அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை பேரரசர்களின் தலையோடு. மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாக இங்கே வந்த பொன். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்ச்சேருகிறது என்று ரோமாபுரியில் பிளினி எழுதிவைத்துப் புலம்பினார். "ஊர் சுற்றப் போய்க் காசை அழித்துவிட்டு வந்தாயா?" என்று வீட்டில் கேட்கிறார்களே, அதன் மூத்த வடிவம் அதுதான்.

நம்மவர்கள் அந்தக் காசை என்ன செய்தார்கள் என்பது இன்னும் சுவையானது. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலையில் உளியால் ஒரு வெட்டு. காசாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே செல்லும் என்று அடையாளம் வைத்ததாக அறிஞர்கள் கருதுகிறார்கள். அகஸ்டஸ் முகத்தைப் பார்த்து மயங்காமல் எடையைப் பார்த்திருக்கிறார்கள்! அவற்றில் பல இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டன் போனால் கடைவீதிக்கு முன்னால் அங்கே போய் நம்ம ஊர்க் காசைப் பார்த்துவிட்டு வாருங்கள், அனுமதி இலவசம்.

அன்னவாசல் வாசகர் (ஐ.டி. வேலை): பாரிஸில் ஒரு கைக்கடிகாரம். மாதத் தவணையில் வாங்கிவிடலாமா?

பயணம் பத்து நாள், தவணை இருபத்து நாலு மாதம். பாரிஸை நினைக்கும்போதெல்லாம் வங்கி ஞாபகம் வரும். வேண்டாம். சம்பளம் சேர்த்து மறுபடி போங்கள், பாரிஸ் அங்கேயேதான் இருக்கும்.

கோட்டைப்பட்டினம் வாசகர்: இரண்டு வருடமாகத் துபாயில் வேலை. தங்கை கல்யாணத்துக்கு வருகிறேன். அங்கேயே நகை வாங்கி வந்தால் லாபம்தானே?

தங்கைக்கு அண்ணன் வாங்கும் நகையில் லாபக் கணக்கு எதற்கு? அவளுக்குப் பிடித்தது அங்கே கிடைத்தால் வாங்குங்கள். லாபம் மட்டும்தான் நோக்கம் என்றால் முன்போல் இல்லை. தங்கத்தின் இறக்குமதி வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததில் இரண்டு ஊர் விலைக்கும் இருந்த இடைவெளி நன்றாகச் சுருங்கியது. செய்கூலியையும் சேர்த்து, வாங்கும் நாளின் விலையை இங்கேயும் அங்கேயும் எழுதிப் பாருங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களில் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் வரை நகை கொண்டுவரச் சுங்க வரி இல்லை. உங்களுக்கு இரண்டரைப் பவுன் என்று கணக்கு. நகைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. காசு, பிஸ்கட் என்றால் கிடையாது. மற்ற வரம்புகளை அடிக்கடி திருத்துகிறார்கள், டிக்கெட் போடும்போதே சுங்கத்துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் சிவப்பு வழியில் போய் ரசீதைக் காட்டி வரியைக் கட்டுங்கள்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். புறப்படுகிற நேரத்தில், "தம்பி, இதை மட்டும் திருச்சியில் ஒருத்தரிடம் கொடுத்துடு, டிக்கெட் காசு தர்றோம்" என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். இப்படிக் குருவியாகப் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் பாஸ்போர்ட்டும் வேலையும் போயிருக்கின்றன. கொடுத்தவன் எங்கே என்று யாருக்கும் தெரிவதில்லை. கல்யாண வீட்டுக்கு நீங்கள் நேரத்துக்கு வந்து சேருவதைவிடத் தங்கைக்கு வேறு நகை வேண்டாம்.

இலுப்பூர் வாசகி: எங்கள் பாட்டி பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தார்கள். அந்தத் தோட்டத்தைப் பார்க்க இலங்கை போகிறோம். நினைவாக ஒரு நீலக்கல் வாங்க ஆசை.

1964 ஒப்பந்தத்தால் இடம் மாறிய எத்தனையோ குடும்பங்களில் பேத்திகள் இப்படிக் கிளம்பிப் போவதைக் கேட்கும்போது நிறைவாக இருக்கிறது. அவசியம் போய்வாருங்கள்.

நீலக்கல் இரத்தினபுரிப் பக்கத்துச் சொத்து. உலகத் தரமான கல், சந்தேகமில்லை. ஆனால் வெறும் கண்ணால் பார்த்து வாங்கக் கூடிய பொருள் அல்ல. கியூடா என்று ஒரு வகைக் கல் உண்டு, பால் கலந்ததுபோல மங்கலாக இருக்கும். ஒரு காலத்தில் அதை ஒதுக்கிப் போட்டார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை அள்ளிப்போய், 1,500 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அருமையான நீலமாக மாற்றி விற்றார்கள். சூடேற்றிய கல் போலியல்ல, நல்ல கல்தான். சூடேற்றாத கல்லுக்கு விலை பல மடங்கு என்பதால் எது எது என்று தெரிந்து வாங்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கல்லும் நூறு வருடத்துக்கு மேலாகச் சந்தையில் இருக்கிறது. மூலப்பொருள் ஒன்றே என்பதால் பரிசோதனைக் கருவிதான் பிரித்துச் சொல்லும். ஆட்டோக்காரரோ வழிகாட்டியோ "நம்ம ஆள் கடை" என்று கூட்டிப்போனால் அவருடைய கமிஷனும் கல்லின் விலைக்குள் இருக்கும். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே கல்லைக் காட்டி உறுதி செய்துகொண்டு பிறகு பணத்தைக் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

இவ்வளவும் சொன்னது நீங்கள் கேட்டதற்காக. என் விருப்பத்தைக் கேட்டால், இரத்தினபுரிக் கல்லுக்கும் உங்கள் பாட்டிக்கும் உறவு இல்லை. அவர் கூடையில் விழுந்தது கொழுந்து. அந்தத் தோட்டத்துத் தேயிலை கிடைத்தால் இரண்டு கிலோ வாங்கிவந்து, சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டு ஒரு நாள் காலையில் தேநீர் போடுங்கள். பாட்டி இருந்தால் முதல் தம்ளர் அவருக்கு. நீலக்கல் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

பொன்னமராவதி வாசகர்: தாய்லாந்தில் அழகான புத்தர் சிலை பார்த்துவைத்திருக்கிறேன். தைரியமாக வாங்கலாமா?

தைரியம் போதாது, அனுமதி வேண்டும். புத்தர் சிலைகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அங்குள்ள நுண்கலைத் துறையின் அனுமதிச் சீட்டு தேவை. அதை வாங்கித் தருகிற கடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆமை ஓடு, தந்தம், பவளப்பாறைத் துண்டு இவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்: தொடாதீர்கள்.

கீரமங்கலம் வாசகி: சிங்கப்பூர் போகிறேன் என்று ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். இப்போது பதினெட்டு வீட்டிலிருந்து, "எங்களுக்கு என்ன கொண்டு வருவே?" என்று கேட்கிறார்கள்.

பதினெட்டு வீட்டுக்கும் கோடாலித் தைலம். அது சிங்கப்பூரிலேயே பிறந்தது, 1928 முதல் இருக்கிறது, மூட்டுவலி இல்லாத வீடு கிடையாது, யாருக்குப் பெரிய பாட்டில் என்று சண்டையும் வராது. பத்தொன்பதாவது வீடு உங்கள் வீடு. விலை உயர்ந்த பொருளை அங்கே கொண்டுபோங்கள். ஊருக்கெல்லாம் வாங்கிவிட்டுத் தனக்கு ஒன்றும் வாங்காமல் திரும்புகிற பெண்களை நிறையப் பார்க்கிறோம். நீங்கள் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

மணமேல்குடி, ஆறாம் வகுப்பு மாணவி: எங்க அப்பா துபாயில இருக்காங்க. லீவுக்கு வரும்போது என்ன வேணும்னு கேட்கிறாங்க. விலை அதிகமா இருக்கிற பொருளைக் கேட்கலாமா?

கேளு கண்ணு. அப்பா கேட்கச் சொல்லித்தானே கேட்கிறார். உனக்கு நிஜமாகவே வேண்டிய ஒன்றைச் சொல்லிவிட்டு, "விலை ஜாஸ்தின்னா வேற பார்க்கலாம்பா" என்று சேர்த்துச் சொல். அதோடு காசே ஆகாத சிலதையும் கேள்: அங்கே புழங்குகிற நாணயம் ஒவ்வொன்றிலும் ஒன்று, தீர்ந்துபோன மெட்ரோ டிக்கெட், அப்பா வேலை பார்க்கிற இடத்தில் எடுத்த போட்டோ, அவர் கூடத் தங்கியிருக்கிற மாமாக்களின் பெயர். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டிவை. அப்பா அங்கே என்ன செய்கிறார் என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லையா?

கந்தர்வகோட்டை வாசகர்: எல்லோரும் கொண்டுவருவதைப் பற்றியே கேட்கிறார்கள். லண்டனில் நண்பர் வீட்டில் தங்கப்போகிறேன். நான் என்ன கொண்டுபோவது?

இப்படிக் கேட்ட ஒரே ஆள் நீங்கள், வாழ்க! புதுக்கோட்டை-தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்துங்கள். அங்குள்ள பெண்கள் முந்திரிக்கொட்டையைத் தீயில் வாட்டி, சூட்டோடு சூடாக ஓட்டை உடைத்துப் பருப்பெடுப்பார்கள். அந்தப் புகைவாசம் ஆலையில் வறுத்த பருப்புக்கு வராது. பேரம் பேசாமல் வாங்குங்கள், ஓட்டின் எண்ணெய் பட்டு அவர்கள் கை படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்குப் பேரம் பேச வாய் வராது. காற்றுப் புகாமல் கட்டி எடுத்துப் போங்கள். உணவுப் பொருளுக்கு நாட்டுக்கு நாடு விதி உண்டு; விமானத்தில் படிவம் கொடுத்தால் "முந்திரிப் பருப்பு" என்று மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.